வெளிச்சம் போட்டவன் படத்தில் இல்லை

1

"பெங்களூரெல்லாம் ஒரு தூரமாக்கா? ஆம்பூர்ல பஸ் ஏறி ஒரு தூக்கம் போட்டா வந்துடும்" என்று என் சித்தி மகன் போனில் சிரிப்பான். அவனைப் பொறுத்தவரை துபாய்க்குப் போனவன்தான் ஊரை விட்டுப் போனவன். நான் பக்கத்துத் தெருவுக்குக் குடி மாறினவள். அட போடா. எல்லையில் அத்திப்பள்ளி தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறும். அந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்க எனக்கு நாலு வருஷம் ஆனது. இன்றைக்கும் ஓர் அரசாங்கத் தாளைக் கையில் கொடுத்தால் என் மகளைத்தான் தேடுவேன். இதை வெளிநாடு என்று சொல்லாமல் வேறென்னவென்று சொல்வது?

இந்த ஆவணியோடு நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம். ஊரில் இருக்கிற நீங்கள் யாரும் நினைவு வைத்திருக்க மாட்டீர்கள். என் வீட்டுக்காரரும் வைத்திருக்கவில்லை. அவர் ஹெப்பகோடி கம்பெனிக்கு முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். நானே எனக்குப் பாயசம் வைத்துக்கொள்ளலாம் என்று அன்று காலை சேமியா வறுத்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

உள்ளே, என்னோடு வேலை செய்கிற ஆன்டனி கலைஞர் அட்டை கேட்டுப் போட்ட விண்ணப்பம். நீலசந்திராவில் அவன் வீடு மூன்றாவது மாடியில், பெட்டி இல்லை, தபால் தொலைந்துபோகும் என்று என் முகவரியைக் கொடுத்திருந்தோம். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி. அதைக்கூட என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. மகள் நித்யாதான் படித்துச் சொன்னாள்.

"போட்டோல ஆள் தெரியலையாம்மா. ரிஜெக்டட்."

சேமியா கருகிவிட்டது. சட்டியோடு தூக்கித் தொட்டியில் போட்டேன். என்னிடம் இருக்கிற கோபத்தை எந்தச் சட்டியில் போட என்று தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

என்ன வேலை செய்கிறாய் என்று ஊரில் கேட்பவர்களுக்கு "கரண்ட் வேலை" என்றுதான் இதுவரை சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை. நாடகங்களுக்கு விளக்குப் போடுகிறேன். வந்த புதிதில் ஒரு நாடகக் குழுவில் நடிகர்களின் உடுப்புக்கு இஸ்திரி போடப் போனேன். ஒருநாள் விளக்குக்காரர் வரவில்லை. இயக்குநர் என்னைக் கொண்டுபோய் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் முன்னால் உட்காரவைத்து, நான் கை காட்டும்போது இந்தக் கட்டையை ஏற்று, இந்தக் கட்டையை இறக்கு என்றார். ஏற்றினேன், இறக்கினேன். அதன்பிறகு எழுந்திருக்கவில்லை. இந்த ஊரில் எனக்குத் தெரிந்து இந்த வேலையில் நான் ஒருத்திதான் பொம்பளை.

ஆன்டனி என் கூட்டாளி. என்னைவிட ஐந்து வயது சின்னவன், நாற்பத்தொன்று. அவன் தாத்தா காலத்திலேயே கன்டோன்மென்ட்டுக்கு வந்த குடும்பம். அவன் மேலே ஏறி விளக்கைத் தொங்கவிட்டுத் திருப்பி முறுக்குவான், நான் கீழே உட்கார்ந்து ஏற்றி இறக்குவேன். பதினெட்டு வருஷமாக இந்த ஏற்பாடுதான். மேலே கம்பியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னாக்கா, போதுமா? இன்னும் ஸ்வல்ப லெஃப்ட்டா?" என்று அவன் கத்துவான். "வாயை மூடிட்டுத் திருப்புடா" என்று நான் கத்துவேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான், ஆனால் என் கூடப் பிறந்தவனிடம்கூட நான் அவ்வளவு பேசியதில்லை.

போன வருஷம் ஏதோ ஒரு காலேஜிலிருந்து ஒரு பெண் டேப்லெட்டோடு வந்தாள். கலாச்சாரத் தொழிலில் இருப்பவர்களைக் கணக்கெடுக்கிறார்களாம். வயது, தாய்மொழி, ஜாதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்டாள். நல்ல பெண். தொழில் என்ன என்ற கேள்விக்கு அவள் கருவியில் ஒரு பட்டியல் இருந்தது. நடிகர், பாடகர், நடனக் கலைஞர், ஓவியர், எழுத்தாளர். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கடைசியில், "உங்களை 'மற்றவை'ல போட்டுக்கவா ஆன்ட்டி?" என்றாள்.

போட்டுக்கொள் தாயே என்றேன். அன்றைக்கு அங்கே இருந்த எங்களில் ஆன்டனி மற்றவை, நான் மற்றவை, சவுண்ட் பாபா மற்றவை, செட் அடிக்கும் கோலார்க்காரர் மற்றவை. நடித்தவர்கள் மட்டும் நடிகர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஐடி கம்பெனியில் வேலை, சாயங்காலம் லேப்டாப்பை மூடிவிட்டு வருவார்கள். தங்கமான பிள்ளைகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுக்கு நாடகம் ஆசை, எங்களுக்கு அடுப்பு. கணக்கெடுப்பில் அவர்கள் கலைஞர்கள், நாங்கள் மிச்சம்.

3

கன்னட நாடகத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. நம் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. நாடகம் முடிந்ததும் இயக்குநர் எல்லாரையும் மேடைக்குக் கூப்பிட்டு ஒவ்வொருவர் பெயராகச் சொல்வார். உடுப்புக்கு இஸ்திரி போட்டவள் வரைக்கும். என் பெயரை முதன்முதலில் ஒலிபெருக்கியில் கேட்டது அப்படித்தான், அன்று ஆட்டோவில் வீடு வரைக்கும் அழுதேன். விளக்குக்காரர்கள் மட்டும் மேடைக்கு வர முடியாது. நாங்கள் எழுந்து போனால் மேடை இருண்டுவிடும். அதனால் எங்கள் பெயர் சொல்லும்போது ஒரு விளக்கை மினுக்குவோம். இருக்கிறோம் என்று அர்த்தம். ஜனம் பின்னால் திரும்பிப் பார்த்துக் கை தட்டும். பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. இருட்டில் கறுப்புச் சட்டையில் உட்கார்ந்திருப்போம். கறுப்பைத் தவிர வேறு போடக்கூடாது, ஒளிக்குள் கால் வைக்கக்கூடாது. எங்கள் தொழிலில் சட்டம் இந்த இரண்டுதான்.

இந்த வருஷம் மாசி மாதம், மல்லேஸ்வரம் பக்கத்து அரங்கம் ஒன்று. காலை பத்து மணிக்குத்தான் சாவி கொடுப்பார்கள், மாலை ஆறரைக்கு நாடகம். அதற்குள் செட் கட்டி, விளக்கு தொங்கவிட்டு, ஒத்திகையும் பார்த்தாக வேண்டும். மதியச் சாப்பாடு என்று ஒன்று உண்டென்பதே அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஏணி அரங்கத்துடையது. அதன் ஒரு காலில் ரப்பர் இல்லை, பழைய பனியனைச் சுற்றிக் கட்டியிருந்தது. கட்டினவனே ஆன்டனிதான், மூன்று வருஷத்துக்கு முன்னால். புது ஏணி கேட்டு நானே இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மேடையின் இடது மூலையில் கதை சொல்பவர் நிற்பார். அவருக்கு நேராக மூன்றாவது கம்பியில், இடமிருந்து இரண்டாவது விளக்கு. ஆன்டனி அதைத் திருப்பி முறுக்கிக்கொண்டிருந்தான். அரங்கத்து ஆள் ஒருவர் கீழே ஏணியைப் பிடித்திருந்தார். வாசலிலிருந்து யாரோ, "சீஃப் கெஸ்ட்டுக்கு சோபா வந்திருக்கு, ஒரு கை குடுப்பா" என்று கூப்பிட்டார்கள். அவர் ஏணியை விட்டுவிட்டுப் போனார்.

சோபாவுக்காக. இதை நான் எத்தனை தடவை யோசித்தாலும் வயிறு எரிகிறது. ஒருவர் உட்காரப்போகிற சோபாவுக்காக.

சத்தம்தான் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் இடுப்பு ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தான். நினைவு இருந்தது. "அக்கா, விளக்கு டைட்டா இருக்கு, விழாது" என்றான். பாபாவும் இன்னொருவரும் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். நானும் ஏறப்போனேன். இயக்குநர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டிக்கெட் வித்தாச்சு மரகதம். அவனும் இல்லாம நீயும் போனா விளக்கு யாரு போடறது?"

நான் இறங்கிவிட்டேன். எல்லார்மேலும் கோபப்படுகிறேனே, முதலில் என்மேல் படவேண்டும். இறங்கியவள் நான்தான். ஆறரை மணிக்கு முதல் விளக்கை ஏற்றினேன். நாடகம் நன்றாக நடந்தது. கடைசியில் இயக்குநர், "லைட்ஸ், மரகதம், ஆன்டனி" என்றார். நான் விளக்கை இரண்டு தடவை மினுக்கினேன், அவனுக்கும் சேர்த்து. கை தட்டினார்கள். அந்த நேரம் அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில், கட்டில் காலியாவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

4

ஒரு ஆபரேஷன் ஆனது. எலும்பு சரியாகச் சேரவில்லை, வருஷம் முடிவதற்குள் இன்னொன்று செய்தால்தான் கைத்தடி இல்லாமல் நடப்பான் என்றார் டாக்டர். ஏணி ஏறுவதை மறந்துவிடச் சொன்னார். கலைஞர் அட்டை இருந்தால் அந்த ஆபரேஷனை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்று யாரோ சொல்ல, நான் அந்த அட்டை கொடுக்கிற அரசாங்க அலுவலகத்துக்கு நடையாய் நடக்க ஆரம்பித்தேன். ஆன்டனியின் மனைவி ரோஸ்லின் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா, அவளுக்கு லீவு கிடையாது.

எழுத்தர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். இவர் கலைஞர் இல்லை, டெக்னீஷியன். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போங்கள். போனேன். அங்கே இருந்த அம்மாள், கட்டட வேலையா என்றார். இல்லை. எலக்ட்ரீஷியன் லைசென்ஸ் உண்டா? இல்லை. பின்னே என்ன வேலை? நாடகத்துக்கு விளக்கு. "நாடகம்னா அது கலைம்மா, இங்க எதுக்கு வந்தீங்க?" திரும்ப இங்கே வந்தால் "நாளே பன்னி". நாளைக்கு வாங்க என்பதற்கு இங்கே அப்படிச் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் எழுத்துக்கூட்டாமல் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை.

ஒருநாள் ஆன்டனியையே வாக்கரோடு கூட்டிக்கொண்டு போனேன்.

"சொந்த ஊர் எது?" என்றார் எழுத்தர். அவருக்கு நன்றாகவே தமிழ் வரும்.

"நீலசந்திரா சார்."

"அது இப்ப இருக்கற எடம். சொந்த ஊரு?"

"அதுதான் சார். எங்கப்பா பொறந்ததும் அங்கதான்."

"அதுக்கு முன்னாடி?"

ஆன்டனி என்னைப் பார்த்தான். "இன்னாக்கா சொல்றது?" அவனுக்கு நிஜமாகவே தெரியாது. அவன் ஒருமுறைகூட ஓசூரைத் தாண்டியதில்லை. நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆதார் அட்டையில் இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள் சார் என்றேன்.

கடைசியில் எழுத்தருக்கே மனசு இரங்கியதோ, என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டதோ, ஒரு வழி சொன்னார். அழைப்பிதழில் பெயர் இருக்க வேண்டும், அல்லது மேடையில் இருக்கும் புகைப்படம் வேண்டும். அழைப்பிதழ்களைத் தேடினோம். நடித்தவர் பெயர், எழுதியவர் பெயர், இசை, எல்லாம் இருந்தது. "லைட்ஸ்: குழு" என்று இருந்தது. பிறகு நானும் நித்யாவும் என் போனில் இருக்கிற படங்களையெல்லாம் உட்கார்ந்து பார்த்தோம். நூற்றுக்கணக்கில் இருக்கும். ராஜா நிற்கிறான், ராணி அழுகிறாள், சேவகன் ஈட்டியோடு நிற்கிறான். ஆன்டனி ஒன்றில்கூட இல்லை.

"பதினெட்டு வருஷம்மா" என்றாள் நித்யா. "ஒரு போட்டோ எடுத்திருக்கக் கூடாதா? உங்க ஊர் ஆளுங்களே இப்படித்தான்."

உங்க ஊர். அவள் எப்போதிலிருந்து அப்படிச் சொல்ல ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தோழிகளோடு கன்னடத்தில் சிரிக்கிறாள், எனக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள், கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு வருகிறாள். என் ஆம்பூர் அவளுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிற ஊர். அன்றைக்கு அதற்கும் சேர்த்து அவளைத் திட்டினேன். பாவம், அந்த விண்ணப்பத்தை அழகான கன்னடத்தில் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

5

படம் இல்லையென்றால் எடுத்துவிடுவோம் என்றேன். இயக்குநர் பாவப்பட்டு, அடுத்த நாடகத்தின் ஒத்திகை நாளில் அரை மணி நேரம் மேடையை எங்களுக்கு விட்டார். நடிகப் பிள்ளைகளில் ஒருவன் நல்ல கேமரா கொண்டுவந்தான். ரோஸ்லினும் ஆன்டனியும் ஆட்டோவில் வந்தார்கள். பாபா அவனைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிப்போய், வாக்கரை ஓரமாக வைத்தார். நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். என் வாழ்க்கையில் நான் போட்ட நல்ல வெளிச்சங்களில் அது ஒன்று. காலை வெயில் மாதிரி, லேசான மஞ்சளோடு, மேடையின் நடுவில் வட்டமாக விழுந்தது.

"கூசுதுக்கா" என்றான்.

"பொறுத்துக்கடா. ஒரு நிமிஷம்."

பையன் பத்துப் படம் எடுத்தான். எல்லாரும் கை தட்டினோம். ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாளே பிரிண்ட் போட்டு, ஒட்டி, கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தப் படங்கள்தான் பழுப்பு உறையில் திரும்பி வந்தவை. சேமியாவைக் கொட்டிவிட்டு, ஜன்னலோரம் கொண்டுபோய் அவற்றை முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். சிவப்பு மையில் எழுதியிருந்தது பொய்யில்லை. ஆள் தெரியவில்லை. வட்டத்துக்கு வெளியே, ஓரடி தள்ளி நிற்கிறான். பத்துப் படத்திலும் அப்படியே. பாபா அவனை நடுவில்தான் நிறுத்தியிருந்தார். இடுப்பு ஒடிந்தவன், வாக்கர் இல்லாமல், யாருக்கும் தெரியாமல் ஓரடி நகர்ந்திருக்கிறான். கால் தானாகவே ஒளியை விட்டு விலகியிருக்கிறது. போதாததற்கு, அரங்கத்துக்குப் போகிறோம் என்று கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். ரோஸ்லின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாளாம்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? இரண்டு கண்ணையும் விழித்துக்கொண்டு மேடையைத்தானே பார்த்தேன்? வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். நன்றாக விழுந்திருந்தது. அவன் அதற்குள் நிற்கிறானா என்று பார்க்கவில்லை. அந்த அலுவலகத்துக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

போன் போட்டுச் சொன்னேன். "பர்வாயில்ல விடுக்கா" என்றான். "எதுக்கு பேஜாரு. தடிய வெச்சுக்கினே நடந்துக்கறேன்."

"செருப்பு பிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

6

இருபது நாள் கழித்து ஒரு வேலை வந்தது. அதே மல்லேஸ்வரம் அரங்கம். கலைஞர்களைக் கௌரவிக்கும் விழா. நடத்துவது யார் என்று கேட்டேன். அதே அலுவலகம். ஆன்டனியின் தாளில் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்ட அதிகாரிதான் முக்கியப் பேச்சாளர்.

நித்யா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "ம்மா, ஏதாவது பண்ணிடாத, ப்ளீஸ்" என்றாள். நான் முடிவு செய்துவிட்டேன். அவர் பேச ஆரம்பிக்கட்டும். கட்டையை இறக்கி மொத்த மேடையையும் இருட்டாக்கிவிடுகிறேன். இருட்டில் நின்று பேசட்டும், இந்த ஊரில் விளக்குப் போடுகிற ஆள் உண்டு என்று அப்போதாவது தெரியட்டும் என்று நினைத்தேன். அதற்கப்புறம் எனக்கு வேலை தராவிட்டால் போகிறது.

அவர் இடது மூலையில் மைக் முன்னால் வந்து நின்றார். கதை சொல்பவர் நிற்கிற அதே இடம். அதற்கு நேராக ஒரே ஒரு விளக்குத்தான் உண்டு. மூன்றாவது கம்பி, இடமிருந்து இரண்டாவது. மாசியிலிருந்து அந்த ஏணியில் யாரும் ஏறவில்லை, ஆள் விழுந்த ஏணி என்று எல்லாருக்கும் பயம். ஆன்டனி முறுக்கி வைத்த கோணத்திலேயே அது நின்றிருந்தது. ஏற்றினேன். அவர் முகத்தில் மூக்குக்கண்ணாடியின் நிழல்கூட விழாமல் வெளிச்சம் விழுந்தது. கலைஞர்கள் இந்த மண்ணின் செல்வம் என்று ஆரம்பித்தார்.

என் விரல் கட்டையின் மேல் இருந்தது. இறக்கு, இறக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கை வரவில்லை. மேடையில் ஒரு மனிதன் பேசிக்கொண்டிருக்கும்போது விளக்கை இறக்க இந்தக் கைக்குத் தெரியவில்லை. ஆன்டனியின் கால் எப்படி ஒளியை விட்டு விலகியதோ, அப்படி என் கை ஒளியைப் பிடித்துக்கொண்டது. நாற்பது நிமிஷம் அந்த ஆளுக்கு அற்புதமாக வெளிச்சம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் பேப்பரில் அவர் படம் வந்திருந்தது. கால் பக்கத்துக்கு. ஒவ்வொரு முடியும் எண்ணலாம், அத்தனை துல்லியம். டீ ஆறுகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்தேன்.

புது விண்ணப்பம். புகைப்படம் ஒட்டும் இடத்தில் அந்தப் பேப்பர் படத்தை ஒட்டினேன். அதற்குக் கீழே எழுதச் சொல்லி நித்யாவிடம் நான்தான் வாசகம் சொன்னேன். இதில் தெரிகிற முகம் உங்களுடையது, தெரிய வைத்தவன் ஆன்டனி.

"இது ரூடா இருக்கும்மா."

"எழுதுடி."

எழுதினாள். எழுதி முடித்ததும் நான் சொல்லாத ஒரு வரியைத் தானாகவே சேர்த்தாள். என்னவென்று கேட்டேன். 'சொந்த ஊர்: நீலசந்திரா, பெங்களூரு' என்று போட்டிருக்கிறேன் என்றாள்.

நேற்றுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதிகாரியின் அறைக் கதவைப் பார்த்தார்.

"ஏம்மா, இது நம்ம சாரு!"

"ஆமாம் சார்."

"இதுல ஆன்டனி எங்கம்மா இருக்கான்?"

"மேல சார். அந்த அரங்கத்துல மூணாவது கம்பி, ரெண்டாவது விளக்கு. அத முறுக்கும்போதுதான் கீழ விழுந்தான். சந்தேகமா இருந்தா உங்க சாரையே ஏறிப் பாக்கச் சொல்லுங்க. ஏணிய நான் புடிச்சுக்கறேன்."